ஊட்டி கடைவீதி, சேரிங்கிராஸ் முதல் மார்க்கெட் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி என்றால் பூங்கா, ஏரி, மலை ரயில். வருகிறவர்கள் பார்ப்பது இவ்வளவுதான். ஆனால் கீழேயிருந்து வரும் உறவினர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் எங்களிடம் அதிகம் கேட்பது கடைவீதியைப் பற்றி. "இந்த நெரிசலுக்குள் யார் கொண்டுபோய் ஊரை வைத்தார்கள்?" என்பதில் ஆரம்பித்து, "மார்க்கெட்டை எப்போது கட்டி முடிப்பார்கள்?" என்பது வரை கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளும் பதில்களும் இங்கே.

ஊட்டியின் வணிகப் பகுதி என்று எதைச் சொல்வது?

சேரிங்கிராஸிலிருந்து கமர்ஷியல் ரோடு வழியாக ஏ.டி.சி. என்று சொல்லும் இடம் வரை வந்து, அங்கிருந்து நகராட்சி மார்க்கெட், மெயின் பஜார், லோயர் பஜார், அப்பர் பஜார் என்று சுற்றி, பஸ் ஸ்டாண்டில் முடிகிற பகுதி. மெதுவாக நடந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் சுற்றிவிடலாம்.

இந்தச் சின்ன வட்டத்துக்குள் இரண்டு கடைவீதிகள் இருக்கின்றன. கமர்ஷியல் ரோட்டிலும் சேரிங்கிராஸிலும் ஸ்வெட்டர், சாக்லேட், தைலம், ஓட்டல். மார்க்கெட்டிலும் பஜாரிலும் அரிசி, கறி, மீன், மண்வெட்டி, கம்பளி, பாத்திரம், உரம். முதலாவது வந்துபோகிறவர்களுக்கானது. இரண்டாவது மலையில் வாழ்கிறவர்களுக்கானது. 200 ஆண்டுகளாக இந்த ஊரின் வியாபாரம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இதில்தான் வந்து நிற்கும்.

ஆங்கிலேயர் வருவதற்கு முன்பு இங்கே சந்தை இருந்ததா?

மலையிலேயே வாழ்ந்த சமூகங்களுக்குள் பண்டமாற்று இருந்தது. தோடர்களிடம் எருமையும் பாலும் நெய்யும். படகர்களிடம் தானியம். கோத்தர்கள் இரும்புச் சாமான், பானை, இசைக்கருவி எல்லாம் செய்து கொடுத்தார்கள். குறும்பர்களிடமிருந்து தேனும் காட்டுப் பொருட்களும். எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்துக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பது வழிவழியாகத் தீர்மானமாகியிருந்தது. அதற்குக் கல்லாப்பெட்டி தேவைப்படவில்லை.

அப்படியென்றால் கடைகள் எப்போது வந்தன?

1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரி பக்கமாக மலை ஏறினார். அடுத்த சில ஆண்டுகளில் ஊட்டியில் கல் வீடு கட்டத் தொடங்கினார். இன்றைக்கு அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் ஸ்டோன் ஹவுஸ் அதுதான். 1823 முதல் 1825 வரை ஓடைகளை மறித்து ஏரியை உண்டாக்கினார். உடம்பு தேற வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள், அதிகாரிகள், அவர்களுடைய சமையற்காரர்கள், சாலை போட வந்த கூலிகள், கல் தச்சர்கள் என்று கூட்டம் சேர்ந்தது.

இத்தனை பேருக்கும் அரிசி வேண்டும். அரிசி மலையில் விளையாது. எல்லாம் காளை முதுகிலும் மனிதர் தலையிலும் கீழேயிருந்து ஏற வேண்டியிருந்தது. அந்தச் சரக்கை இறக்கி வைத்து விற்ற இடம்தான் பஜாரின் தொடக்கம். துரைமார் பங்களாக்களைக் குன்றுகளின் மேலே கட்டிக்கொண்டார்கள். கடைக்காரர்களும் கூலிகளும் பள்ளத்தில் தங்கினார்கள். 1830-ல் கட்டி முடித்த புனித ஸ்டீபன் தேவாலயம் மேலே நிற்பதையும், மார்க்கெட் கீழே கிடப்பதையும் ஒரே பார்வையில் பார்த்தால் அந்தக் காலத்து ஊர் அமைப்பு புரிந்துவிடும். அந்தத் தேவாலயத்துக்கு மரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தது.

கடைவீதியைப் போய் ஏன் இந்தப் பள்ளத்தில் வைத்தார்கள்? மழை பெய்தால் தண்ணீர் நிற்கிறதே!

பலர் நினைப்பதுபோல இது நேற்றைய நகராட்சியின் குற்றம் மட்டும் இல்லை. சல்லிவன் வெட்டிய ஏரி இப்போது படகு ஓடும் ஏரியைவிடப் பெரியது. இன்றைய பஸ் ஸ்டாண்டும் குதிரைப் பந்தய மைதானமும் பழைய ஏரியின் மேல்பகுதிதான். ஏரிக்குக் குறுக்கே வில்லோ பண்ட் என்ற கரை போட்டார்கள். கரைக்கு மேலே வண்டல் சேர்ந்து சதுப்பாகிப்போன பகுதியை மேடாக்கி மைதானம் ஆக்கினார்கள். மலைப் பிரதேசத்தில் சமதளம் கிடைப்பது அபூர்வம். கிடைத்த சமதளத்தை யாரும் சும்மா விடவில்லை. ரயில் வந்தபோது நிலையமும் அதை ஒட்டியே அமைந்தது, பிறகு பஸ்ஸும் அங்கேதான் வந்து நின்றது.

தண்ணீருக்கு ஓட வேறு வழி கிடையாது. தொட்டபெட்டா பக்கச் சரிவுகளிலிருந்து இறங்கும் நீர் கோடப்பமந்து கால்வாய் வழியாக நகரத்தின் நடுவே ஓடி ஏரியில் சேர்கிறது. அந்தக் கால்வாயின் இரண்டு பக்கமும் கடைகளும் கட்டடங்களும் நெருக்குகின்றன. மேலே உள்ள விவசாய நிலங்களின் மண்ணும் கடைவீதியின் குப்பையும் சேர்ந்து அதை அடைக்கின்றன. ஒரு மணி நேரம் கனமழை பெய்தால் ரயில்வே பாலத்துக்கு அடியில் வண்டிகள் மாட்டிக்கொள்வது எங்களுக்குப் பழக்கமான காட்சி. பஜாரின் கழிவு ஏரியில் கலக்கிறது என்ற புகார் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுந்தது. வருஷா வருஷம் தூர் வாருகிறார்கள். தூர் வாருவது மட்டும் தீர்வாகாது என்பது என் எண்ணம். மேலே சரிவுகளில் மண் அரிப்பை நிறுத்தாமல் கீழே எவ்வளவு அள்ளினாலும் அடுத்த மழைக்கு அது நிரம்பிவிடும்.

சேரிங்கிராஸ் என்ற பெயர், அந்த நீரூற்று, இரண்டும் எப்படி வந்தன?

பெயர் லண்டனில் உள்ள சந்திப்பின் பெயர். வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் ஞாபகத்தை இந்த மலை முழுக்கத் தெளித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நடுவில் நிற்பது ஆடம்ஸ் நீரூற்று. சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லியம் பேட்ரிக் ஆடம் 1881-ல் ஊட்டியிலேயே இறந்துபோனார். அவர் நினைவாக 1886-ல் எழுப்பினார்கள். ஏரிக்கரைப் பக்கம் புனித தாமஸ் தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது.

இப்போது நீரூற்றைச் சுற்றி வேலி, வண்ண விளக்கு, நான்கு பக்கமும் கார்கள். தாவரவியல் பூங்காவுக்குப் போகிறவர்கள், குன்னூர் சாலையில் இறங்குகிறவர்கள், கோத்தகிரிப் பக்கம் திரும்புகிறவர்கள் எல்லாம் இதைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஊரில் யாரையாவது சந்திக்க வேண்டுமென்றால் "சேரிங்கிராஸில் நில்லு" என்பதுதான் வழக்கம்.

கோடைத் தலைநகராக இருந்தது வியாபாரத்தை எப்படி மாற்றியது?

அடியோடு மாற்றியது. 1866-ல் நகராட்சி வந்தது. 1868-ல் நீலகிரி கோயம்புத்தூரிலிருந்து பிரிந்து தனி ஆணையரின் கீழ் வந்தது, 1882 முதல் தனிக் கலெக்டர். 1870-களிலிருந்து சென்னை அரசாங்கமே கோடையில் கோப்புகளோடு மலை ஏறியது. ஆளுநர், செயலாளர்கள், எழுத்தர்கள், அவர்கள் குடும்பங்கள். பின்னாலேயே மைசூர், பரோடா போன்ற சமஸ்தானத்து மன்னர்கள் மாளிகை கட்டிக்கொண்டார்கள். இத்தனை பேர் வருஷத்தில் சில மாதங்கள் மட்டும் இருந்து, மற்ற மாதங்களில் ஊரைக் காலியாக விட்டுப் போனார்கள்.

இன்று நாம் "சீசன்" என்று சொல்வது அங்கேதான் பிறந்தது. கோடையில் சம்பாதித்ததை வைத்து மழைக்காலத்தை ஓட்டும் கணக்கு அன்றே வந்துவிட்டது. கமர்ஷியல் ரோட்டில் துணிக்கடை, சீமைச் சாமான் கடை, புத்தகக் கடை, தையல்காரர், பேக்கரி எல்லாம் அந்தப் பணத்தை நம்பித் திறந்தவை. சென்னையில் 1844-ல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸும் இங்கே கிளை வைத்தது. நூலகம், கிளப், குதிரைப் பந்தயம், 1896-ல் தொடங்கிய மலர்க் கண்காட்சி எல்லாமே சீசனின் பிள்ளைகள்.

ரயில் வந்ததும் என்ன நடந்தது?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-ல் ரயில் ஏறியது. ஊட்டிக்கு வந்து சேர 1908 ஆகிவிட்டது. மொத்தம் 46 கிலோமீட்டர். செங்குத்தான பகுதியில் 12 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றம், தண்டவாளத்துக்கு நடுவில் இன்ஜினின் பல் சக்கரம் பிடித்து ஏறப் பல் வைத்த இரும்புப் பட்டை. இன்றைக்கு இதை உல்லாசப் பயணமாகப் பார்க்கிறோம். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் அறிவித்துவிட்டது. ஆனால் அந்தக் காலத்தில் இது சரக்கு ரயிலும்கூட. மாட்டு வண்டியில் நாள் கணக்கில் ஏறிய மூட்டைகள் ஒரே பகலில் வந்து இறங்கின. கீழ்நாட்டு வியாபாரிக்கு ஊட்டி கிட்ட வந்துவிட்டது.

இங்கே வியாபாரம் செய்தவர்கள் யார்? எல்லாரும் வெளியூர்க்காரர்களா?

ஏறக்குறைய. கோயம்புத்தூர், மைசூர், மலபார் மூன்று திசையிலிருந்தும் வந்தார்கள். பெரிய சரக்கு வியாபாரத்தில் கட்ச் பகுதியிலிருந்து வந்த சேட்டுகள் இருந்தார்கள். ராவுத்தர்கள், செட்டியார்கள், மலையாளிகள், கன்னடக்காரர்கள், பின்னால் நகை அடகுக் கடையோடு மார்வாடிகள். சிந்திகள் துணிக்கடை, பலசரக்குக் கடை திறந்தார்கள். திபெத்திய அகதிகள் ஸ்வெட்டர் விற்க வந்தார்கள். பூங்கா அருகே அவர்களுக்கென்று தனி மார்க்கெட் உண்டு. இப்போதும் மெயின் பஜாரில் நடந்தால் தமிழ், மலையாளம், கன்னடம், உருது, படுகு எல்லாம் காதில் விழும். கடைக்காரர் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து மொழியை மாற்றிக்கொள்வதைக் கேட்கவே சுவாரசியமாக இருக்கும்.

மலைவாசிகள் முதலில் வாங்க வந்தார்கள். அப்புறம் விற்க வந்தார்கள். உருளைக்கிழங்கும் கேரட்டும் முட்டைக்கோஸும் பயிரிட்ட படகர்கள்தான் பெரிய அளவில் சந்தைக்குள் நுழைந்தவர்கள். அவர்கள் சரக்கு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போனது. விலையை அங்கே தரகர்கள் வைத்தார்கள். அதை உடைக்கத்தான் எச்.பி. ஆரி கவுடர் 1935-ல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தைத் தொடங்க முன்னின்றார். ஊட்டி வணிக வரலாறு என்று எழுதுகிறவர்கள் ஆளுநர் பெயர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, என்.சி.எம்.எஸ். என்று விவசாயிகள் சொல்லும் இந்தச் சங்கத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. சேரிங்கிராஸ் நீரூற்றைவிட இந்தச் சங்கம்தான் படகர் ஊர்களான ஹட்டிகளில் சோறு போட்டது.

சந்தைக்கடை மாரியம்மன் கோவிலுக்கும் மார்க்கெட்டுக்கும் என்ன தொடர்பு?

சந்தை கூடிய இடத்தில் எழுந்த கோவில். மாரியம்மனும் காளியம்மனும் ஒரே கருவறையில் இருக்கிறார்கள். வடக்கிலிருந்து வந்த இரண்டு பெண்கள் சந்தையில் தங்க இடம் கேட்டார்கள், மரத்தடியைக் காட்டியதும் மறைந்துபோனார்கள் என்று கதை சொல்வார்கள். ஏப்ரலில் தேர். அதற்கு முன் ஒரு மாதத்துக்கு நாளொன்றுக்கு ஒரு சமூகம், ஒரு சங்கம் என்று உபயம் எடுக்கும். மேலே சொன்ன அத்தனை வியாபாரச் சமூகங்களையும் ஒரே பட்டியலில் பார்க்க வேண்டுமென்றால் அந்த உபயப் பட்டியலைப் பார்த்தால் போதும். தேர் கடைவீதியைச் சுற்றி வரும்போது பக்தர்கள் உப்பை வாரி இறைப்பார்கள். அன்று கடைக்காரர்கள் வியாபாரத்தைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள்.

வெள்ளைக்காரர்கள் போன பிறகு ஊர் படுத்துவிட்டதா?

கமர்ஷியல் ரோடு கொஞ்ச காலம் திணறியது. சீமைச் சாமான் வாங்க ஆள் இல்லை. ஆனால் மார்க்கெட் படுக்கவில்லை. காரணம், அதற்குள் மலையின் சொந்த விளைச்சல் பெருகியிருந்தது.

இதில் உருளைக்கிழங்கின் கதை முக்கியமானது. 1961-ல் ஊட்டி அருகே உருளைக்கிழங்கு வேர்களில் நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. மண்ணிலேயே வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும் புழு அது. பிறகு இங்கிருந்து விதைக்கிழங்கை வெளியே அனுப்பத் தடை வந்தது. விளைச்சல் சரிய, சிறு விவசாயிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயிலைக்கு மாறினார்கள். 1963-ல் குன்னூரில் தேயிலை ஏலம் தொடங்கியது. 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களைக் குடியமர்த்த அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வந்தன, அதுவே டான்டீ ஆனது. தேயிலை வாரா வாரம் பறிக்கும் பயிர். விவசாயி கையில் மாதா மாதம் பணம் புழங்கியது. அந்தப் பணம் மெயின் பஜாரில் நகையாக, துணியாக, இரும்புச் சாமானாக மாறியது. 1990-களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை விழுந்ததும் அடி முதலில் தெரிந்ததும் பஜாரில்தான். பச்சைத் தேயிலை விலை என்ன என்பது இன்றும் துணிக்கடைக்காரருக்கு மனப்பாடம்.

எச்.பி.எஃப். என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுகிறார்களே, அது என்ன?

இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். 1960-ல் உருவான மத்திய அரசு நிறுவனம். இந்து நகரில் ஆலை. இந்தியாவின் கறுப்பு வெள்ளைப் படச்சுருள், எக்ஸ்ரே பிலிம் இங்கே தயாரானது. தூசி இல்லாத காற்றும் குளிரும் வேண்டும் என்பதால் இந்த மலையைத் தேர்ந்தார்கள். ஆயிரக்கணக்கானோருக்கு நிரந்தரச் சம்பளம். சீசனைப் பார்க்காமல் 12 மாதமும் செலவு செய்யும் குடும்பங்கள் ஊட்டிக்கு முதன்முறையாகக் கிடைத்தார்கள். சம்பள நாளன்று மார்க்கெட்டில் கால் வைக்க முடியாது என்று பழைய கடைக்காரர்கள் சொல்வார்கள்.

டிஜிட்டல் கேமரா வருவதற்கு முன்பே வண்ணப் படச்சுருளில் போட்டி போட முடியாமல் நிறுவனம் நலிந்தது. 1990-களில் நலிவுற்ற நிறுவனம் என்ற பட்டியலில் சேர்ந்து, பிறகு மூடியே விட்டார்கள். இப்போது அந்தப் பக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. மாணவர்கள், ஊழியர்கள், நோயாளிகளோடு வருபவர்கள் என்று வேறொரு கூட்டம் 12 மாதமும் வரத் தொடங்கியிருக்கிறது. ஆலை கொடுத்த அளவுக்கு இது கொடுக்குமா என்றால், என் கணக்கில் பாதி கொடுத்தாலே நல்லது.

சாக்லேட்டும் வர்க்கியும் எப்படி ஊட்டியின் அடையாளம் ஆயின?

பேக்கரித் தொழில் துரைமார் காலத்துச் சொத்து. வர்க்கி அதில் பிறந்த உள்ளூர்ப் பிள்ளை. மொறுமொறுப்பாக, அடுக்கடுக்காக, டீயில் தோய்த்தால் கரைகிற மாதிரி ஒரு பிஸ்கட். விறகு அடுப்பில் சுட்டது தனி ருசி. இது இங்குள்ளவர்களின் தினசரித் தீனி, சுற்றுலாப் பயணி பின்னாளில்தான் கண்டுபிடித்தார்.

சாக்லேட் வேறு விஷயம். கோகோ இங்கே விளைவதில்லை. ஆனால் இந்தக் குளிரில் சாக்லேட் பிரிட்ஜ் இல்லாமலே உருகாமல் நிற்கும், சின்ன சமையலறையிலேயே செய்து விற்கலாம். சில பழைய கடைகள் வீட்டுத் தயாரிப்பாகத் தொடங்கி வைத்ததை, சினிமா பார்த்து ஊட்டிக்குத் தேனிலவு வந்த கூட்டம் பெரிதாக்கியது. இப்போது கடைக்குக் கடை "ஹோம்மேட்" என்ற போர்டு. எல்லாம் வீட்டில் செய்ததா என்று கேட்காதீர்கள். வாங்குவதற்கு முன் ஒரு துண்டு கேட்டு ருசி பாருங்கள், நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

கோயம்புத்தூர் மாதிரி இங்கே ஏன் உயரமான கட்டடமோ மாலோ இல்லை?

சட்டம் அனுமதிக்காது. 1993-ல் மலைப்பகுதிகளுக்கென்று தனிக் கட்டட விதிகளும் மாஸ்டர் பிளானும் வந்தன. கட்டடத்தின் உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதாவது தரைத்தளம், அதற்கு மேல் ஒரு மாடி. சரிவு அதிகமான இடங்களில் கட்டவே கூடாது. பெரிய கட்டடம் என்றால் மாவட்ட அளவிலான குழுக்களின் அனுமதியும் வேண்டும்.

இதைக் கடைக்காரர்கள் திட்டுவார்கள். இடம் குறைவு, மேலே ஏறவும் முடியாது, அதனால் வாடகை மட்டும் ஏறுகிறது. இன்னொரு பக்கம், விதியை மீறி எழும்பிய கட்டடங்களுக்குச் சீல் வைப்பதும், வழக்குப் போவதும், பிறகு சீல் திறப்பதும் நடந்துகொண்டே இருக்கின்றன. விதி கடுமையாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மழைக்காலத்தில் மண் சரிந்த இடங்களைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். சின்னக் கடைக்காரரின் ஓட்டுக் கூரை மராமத்துக்கும் பெரிய ஓட்டலுக்கும் ஒரே மாதிரி அலைச்சல் என்பதுதான் உறுத்துகிறது.

மார்க்கெட்டை இடித்துக் கட்டுகிறார்களாமே?

ஆமாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் கொண்ட நகராட்சி மார்க்கெட் பல பத்தாண்டுகளாக ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு நின்றது. ஒழுகும் கூரை, பின்னிப்பின்னிக் கிடக்கும் மின்கம்பி, தீயணைப்பு வண்டி நுழையாத சந்துகள். 2021-ல் வாடகைப் பாக்கிக்காக நகராட்சி நூற்றுக்கணக்கான கடைகளுக்குச் சீல் வைத்தது. வாடகையை ஒரேயடியாக ஏற்றிவிட்டார்கள் என்பது வியாபாரிகள் தரப்பு. பாக்கி கோடிக்கணக்கில் நிற்கிறது என்பது நகராட்சித் தரப்பு. பிறகு பகுதி பகுதியாக இடித்துப் புதிதாகக் கட்டும் வேலையைத் தொடங்கி, கடைகளைத் தற்காலிகக் கொட்டகைகளுக்கு மாற்றினார்கள்.

கட்டடம் எழும்புவது பெரிய விஷயமில்லை. பழைய கடைக்காரருக்கே கடை கிடைக்குமா, எந்த மூலையில், என்ன வாடகைக்கு என்பதுதான் விஷயம். கறிக்கடைக்கும் காய்கடைக்கும் நடுவில் யார் உட்கார்ந்திருந்தார் என்பது வரை வாடிக்கையாளர்களுக்கு மனப்பாடமாக இருந்த மார்க்கெட் அது. ஹட்டியிலிருந்து வரும் பாட்டி தன் கடையைத் தேடி வந்து, காணாமல், பக்கத்து சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டால் அந்தக் கடைக்காரர் அவரைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம்.

இ-பாஸ் வந்ததால் வியாபாரம் விழுந்ததா?

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. அரசுப் பஸ்ஸில் வருபவர்களுக்குப் பாஸ் தேவையில்லை. டி.என். 43 பதிவுள்ள உள்ளூர் வண்டிகளுக்கும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

வியாபாரிகள் கொதித்துப்போய் அந்த ஏப்ரலில் மாவட்டம் முழுக்கக் கடையடைப்பே நடத்தினார்கள். கமர்ஷியல் ரோட்டுக் கடைக்காரருக்கு இது நேரடி அடி. வருஷ வருமானத்தில் பெரும்பகுதி ஏப்ரல், மே இரண்டு மாதத்தில்தான். மார்க்கெட் பக்கம் கேட்டால் பதில் வேறு. மே மாதத்தில் உள்ளூர்க்காரர் கடைவீதிக்கு வரவே பயப்படுவார், குன்னூரிலிருந்து ஊட்டிக்கு வர அரை நாள் ஆகும். வண்டி குறைந்தால் அவர்களாவது வருவார்கள் என்று சொல்லும் கடைக்காரர்களும் உண்டு. பாஸ் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கூடவே பஸ்ஸும் வாகன நிறுத்தமும் பெருக வேண்டும். வண்டியை மட்டும் தடுத்துவிட்டு வேறெதையும் செய்யாமல் விட்டால், நடுவில் நசுங்குவது நடைபாதைக் கடைக்காரர்தான்.

கடைகளில் தண்ணீர் பாட்டில் ஏன் கிடைப்பதில்லை?

பிளாஸ்டிக் தடை. 2000-ஆம் ஆண்டையொட்டி இந்த மாவட்டம் பிளாஸ்டிக் பைக்குத் தடை போட்டு நாட்டுக்கே வழிகாட்டியது. 2019-ல் பாட்டில் தண்ணீருக்கும் தடை வந்தது. அங்கங்கே தண்ணீர் ஏ.டி.எம். உண்டு. வீட்டிலிருந்து ஒரு பாட்டில் எடுத்து வந்துவிடுங்கள்.

குதிரைப் பந்தய மைதானம் என்ன ஆகும்?

குத்தகைப் பாக்கி நூற்றுக்கணக்கான கோடி ஆகிவிட்டது என்று சொல்லி 2024-ல் அரசு மைதானத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 50 ஏக்கருக்கு மேல், ஊருக்கு நடுவில், சமதளம். தோட்டக்கலைத் துறை வழியாகச் சூழல் பூங்கா என்பது திட்டம். வாகன நிறுத்தம் வேண்டும் என்று வியாபாரிகள் கேட்கிறார்கள். ஏரியாக இருந்த இடம் என்பதை நினைவில் வைத்தால், கான்கிரீட் போடாமல் புல்லாகவே விடுவது கடைவீதிக்கே நல்லது. மழைத்தண்ணீருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே இடம் அதுதான்.

ஊட்டிக்காரர்களே கல்யாணத் துணி வாங்கக் கோயம்புத்தூர் போகிறார்களே?

போகிறார்கள், எப்போதுமே போனார்கள். சுமார் 85 கிலோமீட்டர், காலையில் பஸ் ஏறினால் ராத்திரி வீடு. பட்டு, பெரிய நகை, கார், மருத்துவமனை எல்லாம் கீழேதான். அன்றாடச் சாமானுக்கும் கம்பளிக்கும் விவசாயப் பொருளுக்கும் பஜார். ஆன்லைன் வந்தபின் துணிக்கடைகளுக்குத்தான் கஷ்டம். மண்வெட்டிக்கடையை எந்த ஆப்பும் அசைக்கவில்லை.

வணிகத்தில் குன்னூர் பெரியதா, ஊட்டி பெரியதா?

தேயிலை என்றால் குன்னூர். ஏலம், கிடங்கு, வாரியம் எல்லாம் அங்கே. மற்ற எல்லாவற்றுக்கும் ஊட்டி. இந்தக் கேள்வியைக் குன்னூரில் வைத்துக் கேட்காதீர்கள்.

அரசு அலுவலகங்கள் வெளியே போகின்றனவாமே, கடைவீதி காலியாகுமா?

கூடுதல் கலெக்டர் அலுவலகம் பிங்கர்போஸ்ட் பக்கம், ஒருங்கிணைந்த நீதிமன்றம் காக்காத்தோப்பில். அலுவலகத்துக்கு வந்தவர் அப்படியே மார்க்கெட்டில் சாமான் வாங்கிப் போவது குறைந்திருக்கிறது. டீக்கடைகளும் ஜெராக்ஸ் கடைகளும் அவர்கள் பின்னாலேயே போய்விட்டன. ஆனால் 2011 கணக்குப்படியே ஊட்டி நகரத்தில் 88,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஒரே பள்ளத்தில் எல்லாவற்றையும் திணிப்பதைவிட இப்படிப் பிரிவது நல்லதுதான்.

கடைவீதியை ஒழுங்காகப் பார்க்க எந்த நேரம், எந்த வழி?

காலை 8 மணிக்கு மார்க்கெட்டில் தொடங்குங்கள். அப்போதுதான் கேரட், பீன்ஸ், முள்ளங்கி எல்லாம் மண் வாசனையோடு இறங்கும். மாரியம்மன் கோவிலைப் பார்த்துவிட்டு, மெயின் பஜாரில் ஒரு டீயும் வர்க்கியும். அங்கிருந்து மேலே ஏறினால் 1860-களில் கட்டிய நீலகிரி நூலகமும் பழைய கலெக்டர் அலுவலகமும் ஸ்டீபன் தேவாலயமும். மறுபடி இறங்கிக் கமர்ஷியல் ரோட்டில் நடந்தால் சேரிங்கிராஸ். பத்தரை மணிக்கு மேல் சுற்றுலா வண்டிகள் வந்துவிடும். சீசனில் போகிறீர்கள் என்றால் செவ்வாய், புதன் பாருங்கள். குடை கட்டாயம்.